காலாற நடத்தல்

'நடை' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. காலால் நடப்பதும் நடை. எழுதுகிறவனின் எழுத்தில் விளங்கும் பாங்கும் நடை. ஒருவனுடைய ஒழுக்கமும் நடை. பழைய வீடுகளில் வாசலைக் கடந்ததும் அமைந்திருக்கும் இடைவழியும் நடை. கோயில் கதவம் திறந்தால் 'நடை திறந்துவிட்டது' என்கிறோம். ஒரே சொல் இத்தனை இடங்களில் வந்து நிற்பதைக் காணும்போது, மனிதன் எடுத்துவைக்கும் அடிகளைக் கொண்டே அவன் வாழ்வு முழுவதையும் நம் முன்னோர் அளந்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்னொரு வழக்கும் உண்டு. 'காலாற நடந்துவிட்டு வருகிறேன்' என்கிறோம். கால் ஆறுவது என்றால் களைப்புத் தீர்வது. களைப்புத் தீர வேண்டுமானால் உட்கார வேண்டும் அல்லவா? தமிழோ நடந்தால் கால் ஆறும் என்கிறது. இளமையில் இந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். அதன் உண்மையை உணர்ந்தது அறுபது வயதைக் கடந்த பின்னர். அதுவும் பிறந்த மண்ணில் அன்று, ஹைதராபாத் நகரின் மாதாப்பூரில்.

கும்பகோணத்தில் அஞ்சலக எழுத்தனாக முப்பத்து நான்கு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து பணி செய்தவன் நான். ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவியும் மாதாப்பூரில் கணினித் துறையில் பணிபுரியும் மகனிடம் வந்து சேர்ந்தோம். எட்டாவது மாடியில் வீடு. ஊரில் இருந்தவரை காய்கறிக்குக் கடைத்தெரு, பூவுக்குக் கோயில் வாசல், செய்திக்குத் திண்ணை என்று கால்களுக்கு ஏதேனும் ஒரு வேலை இருந்தது. இங்கே பாலும் காய்கறியும் மருந்தும் கைப்பேசியின் கட்டளைக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து உணவு மேசைக்கும், அங்கிருந்து பால்கனிக்கும் நடந்ததே எட்டு மாத காலம் நான் நடந்த நடை. அதன் பயனாக இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்துவிட்டு, 'மருந்து பாதிதான் செய்யும். மீதியை உங்கள் கால்கள்தாம் செய்ய வேண்டும்' என்றார்.

அன்று வீடு திரும்பியதும் எனக்கு எங்கள் அஞ்சலகம் நினைவுக்கு வந்தது. என்னோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் பணியில் சேர்ந்த தபால்காரர் ஒருவர் இருந்தார். தோளில் பையுடன் நாள்தோறும் தெருத்தெருவாக நடப்பார். மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்த நாங்கள் அவருக்காக இரக்கப்படுவோம். ஓய்வு பெறும் நாளில் அவர் உடல் மூங்கில் போல் இருந்தது. இரக்கப்பட்டவர்களில் பலர் கையில் மாத்திரைப் பெட்டி இருந்தது. இது என் சொந்த அனுபவம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பின்னர்ப் படித்தபோது இது உலகறிந்த உண்மை என்று தெரிந்தது. ஜெரமி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1953-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இலண்டன் நகரின் மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுவதும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களை மாரடைப்பு மிகுதியாகத் தாக்கியது; படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் அது குறைவாக இருந்தது. தபால்காரர்களையும் அமர்ந்து வேலை செய்த அஞ்சல் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே முடிவு கிடைத்தது. இலண்டனில் கண்ட உண்மை கும்பகோணத்திலும் பொய்க்கவில்லை.

நடப்பதால் உடலுக்குள் நிகழ்வது என்ன? கால்களின் தசைகள் உடலின் பெருந்தசைகளுள் அடங்குவன. அவை இயங்கும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஈர்த்து எரிபொருளாக்கிக் கொள்கின்றன. இன்சுலின் குறைவாக வேலை செய்யும் உடலிலும் இயங்கும் தசை இதைச் செய்துவிடும். உணவுக்குப் பின் சிறிது நேரம் உலாவினால் சர்க்கரை உயர்வது தணிவது இதனால்தான். உண்டபின் சிறுநடை வேண்டும் என்று நம் சித்த மருத்துவம் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்திருப்பது வியப்புக்கு உரியது. கெண்டைக்கால் தசையோ ஒவ்வோர் அடியிலும் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதனை 'இரண்டாம் இதயம்' என்று மருத்துவர்கள் கூறுவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் சுமார் 10 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. அந்தப் பத்துக் கோடியில் நானும் ஒருவன். ஆகவே நடக்கத் தொடங்கினேன்.

ஆனால் எங்கே நடப்பது? மாதாப்பூர் நடப்பதற்காக அமைந்த ஊர் அன்று. ஒரு தலைமுறைக்கு முன்பு இது பாறைகளும் புதர்களும் சூழ்ந்த சிற்றூர். 1992-இல் சில்பாராமம் என்னும் கைவினைச் சிற்றூரை இங்கே அமைத்தார்கள். 1998-இல் சைபர் டவர்ஸ் எழுந்தது. அதன்பின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 2019-இல் மெட்ரோ இரயில் வந்தது. சாலைகளோ வண்டிகளை மனத்திற்கொண்டே போடப்பட்டன. நடைபாதை என்று பெயர் பெற்ற இடத்தில் மின்மாற்றி நிற்கும். இளநீர்க் குவியல் இருக்கும். இரு சக்கர வண்டிகள் வரிசையாக உறங்கும். இவற்றுக்கிடையே நடப்பவன் கழைக்கூத்தாடியின் திறமையைப் பெற்றிருக்க வேண்டும். நடப்பதற்காகக் காரில் ஏறிப் பூங்காவுக்குச் செல்வோரை முதலில் கண்டு சிரித்தேன். அதன் காரணம் தெரிந்த பின் சிரிப்பு அடங்கியது.

ஆயினும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாதாப்பூர் வேறோர் ஊர். அய்யப்பா சொசைட்டியின் குறுந்தெருக்களில் விடுதி விடுதியாக இளைஞர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். இரவுப் பணி முடிந்த சிலர் கழுத்தில் அடையாள அட்டையோடு, சிவந்த கண்களோடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். தள்ளுவண்டியில் இட்டலிப் பானையிலிருந்து ஆவி எழும்பும். வேர்க்கடலைச் சட்டினியின் மணம் தெருமுனை வரை வரும். துப்புரவுப் பெண்கள் நீண்ட துடைப்பங்களால் முதல் நாளின் குப்பையைக் கூட்டித் தள்ளுவார்கள். எட்டாவது மாடியிலிருந்து எட்டு மாதம் பார்த்தும் இவர்களில் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தெருதான் தெரியும்; தெருவில் நடந்தால்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

மூன்றாம் மாதத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. எதிர்த்திசையில் விரைந்து வந்த இரு சக்கர வண்டி ஒன்று நடைபாதை மீதே ஏறி என்னை உரசிச் சென்றது. கீழே விழுந்தேன். வந்தவன் நிற்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, எலும்புக்குத் தீங்கில்லை. இட்டலி வண்டிக்காரர் ஓடி வந்து தூக்கி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, வீட்டு வாயில்வரை கொண்டு வந்து விட்டார். மகன் பதறினான். நடை இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்துவிடுவதாகச் சொன்னான். என் மனைவி மட்டும் ஒன்றும் பேசவில்லை. நான்கு நாட்கள் கழித்து நான் செருப்பை மாட்டியபோது அவளும் வந்து நின்றாள். 'இனிமேல் தனியாகப் போக வேண்டாம். நானும் வருகிறேன்' என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. மொழி தெரியாத ஊர் என்று, கோயிலுக்கு மகனோடு காரில் செல்வதைத் தவிர அவள் வெளியே வந்ததில்லை. கும்பகோணத்தில் தெரு முழுவதும் பேச ஆள் இருந்தவள், இங்கே நாளெல்லாம் சுவர்களைப் பார்த்திருந்தாள். எனக்கு வந்தது சர்க்கரை நோய். அவளுக்கு வந்தது பேச்சற்ற நோய். முன்னதைக் காட்ட இரத்தப் பரிசோதனை உண்டு. பின்னதைக் காட்ட எந்தப் பரிசோதனையும் இல்லாததால் நான் அதை அறியவே இல்லை.

அவள் காலுக்கு ஏற்ற வழியைத் தேடியபோதுதான் துர்கம் செருவு எங்களுக்குக் கிடைத்தது. செருவு என்றால் தெலுங்கில் ஏரி. குதுப் ஷாஹி மன்னர்கள் ஆண்ட காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் தந்த ஏரி இது. பாறைகளுக்கிடையே மறைந்து கிடந்தமையால் இதனை இரகசிய ஏரி என்றும் சொல்வார்கள். இன்று இதன் மேலே 2020-இல் திறக்கப்பட்ட பாலம் பெருங்கம்பிகளை விரித்து நிற்கிறது; அந்த இரகசியம் ஊரறிந்ததாகிவிட்டது. சில நாட்களில் நீர் நாறுவதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏரியோரம் நடைவழி இருக்கிறது; வண்டி வராது; களைத்தால் உட்காரலாம். சுற்றிலும் நிற்கும் கருங்கற்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்கிறார்கள் நிலவியலார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்த பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் பாறையையும் பார்த்தான், பாட்டியையும் பார்த்தான். 'பாட்டியைவிடப் பெரியதா?' என்று கேட்டான். அவள் அன்று சிரித்த சிரிப்பு நீரில் விழுந்து அக்கரைக்குப் போயிற்று.

ஏரியோரம் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊர்த் தெருக்களில் நான் முன்னே நடப்பேன். அவள் பத்தடி பின்னே வருவாள். அது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அன்று. அந்தத் தலைமுறையின் வழக்கம். இங்கே அவள் முழங்காலுக்காக நான் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. ஆகவே முப்பத்தாறு ஆண்டு மணவாழ்வில் முதல் முறையாக நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஒரு நாள் அவள் சொன்னாள்: 'கல்யாணமான புதிதில் கும்பேசுவரர் கோயிலுக்குப் போவோமே, அப்போது நான் பின்னாலிருந்து ஏதாவது பேசிக்கொண்டே வருவேன். உங்களுக்குக் கேட்காது. சிலநாள் பார்த்தேன். பிறகு நடக்கும்போது பேசுவதை விட்டுவிட்டேன்.'

குறை கூறும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. பால் விலை ஏறியதைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு விடை வரவில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இன்னும் சற்று மெதுவாக நடந்தேன்.

அன்றிரவு சிலப்பதிகாரத்தை எடுத்துப் புரட்டினேன். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் நடந்து செல்லும் பகுதி அது. ஊர் எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதுமே கண்ணகி இளைப்புற்று, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அது முப்பது காதத் தொலைவு. கோவலனோ, அருகில்தான் என்று நகைத்துக் கூறுகிறான். மாணவனாக இருந்தபோது இவ்விடத்தில் வழியையும் தொலைவையும் மட்டுமே குறித்துக்கொண்டேன். இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. மாடமாளிகையில் வாழ்ந்த காலத்தில் கேளாத அவள் குரல், நடைவழியில் அவன் காதில் விழுகிறது. அருகில் நடப்பவனுக்குத்தான் அடுத்தவரின் இளைப்பு கேட்கும்.

நடையால் எங்களுக்கு வாய்த்த மற்றொரு நன்மை மொழி. ஏரியோரம் பெருக்கும் பெண் ஒருத்தி நாள்தோறும் என் மனைவியைப் பார்த்து, 'பாகுன்னாராம்மா?' என்று கேட்பாள். முதல் வாரம் இவள் தலையை மட்டும் அசைத்தாள். இரண்டாம் வாரம், 'பாகுன்னானு' என்றாள். அதன்பின் மரங்களே பாடநூல் ஆயின. வேப்பமரம் வேப்ப செட்டு. புளியமரம் சிந்த செட்டு. ஆலமரம் மர்ரி செட்டு. நடையைத் தெலுங்கில் 'நடக' என்பார்கள் என்று அறிந்த அன்று, உறவினர் வீட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி எங்களுக்கு.

புரட்டாசியில் மகாளய அமாவாசை தொடங்கி ஒன்பது நாட்கள் இங்கே பதுகம்மா விழா நடக்கும். பெண்கள் மலர்களை அடுக்கடுக்காகக் கோபுரம் போல் அமைத்து, சுற்றி நின்று கைகொட்டிப் பாடி, இறுதியில் நீரில் விடுவார்கள். அம்மலர்க் கோபுரத்தில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் பூவைக் கண்டு என் மனைவி நின்றுவிட்டாள். 'தங்கேடு' என்றாள் அருகில் இருந்த பெண். 'இது நம் ஆவாரம்பூ அல்லவா!' என்றாள் இவள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நம் பாட்டிமார் போற்றிய பூ. 2014-இல் தனி மாநிலமான தெலங்கானா தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டதும் அதே பூ. அந்த ஆண்டு எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு அந்தத் தெலுங்குப் பெண்கள் நால்வர் வந்தார்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு, பதுகம்மாவுக்குச் செய்யும் எள் பொடியைத் தந்தார்கள். காரில் போயிருந்தால் அந்தப் பூவைத் தாண்டி நாற்பது மைல் வேகத்தில் சென்றிருப்போம்.

அயலூரை நடந்தே சொந்தமாக்கிக் கொள்ளலாம் என்பதற்கு இந்த மண்ணிலேயே பெரிய சான்று உண்டு. 1951-ஆம் ஆண்டு வினோபா பாவே வார்தாப் பகுதியிலிருந்து ஹைதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளிக்கு, சர்வோதய மாநாட்டுக்காக நடந்தே வந்தார். மாநாடு முடிந்ததும் தெலங்கானாச் சிற்றூர்களில் நடந்தார். ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளியில் நிலமற்ற மக்கள் அவரிடம் நிலம் கேட்டார்கள். அங்கேயே ஒருவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் அன்று பிறந்தது. அவர் இரயிலில் வந்து இரயிலில் திரும்பியிருந்தால் போச்சம்பள்ளி அவர் வழியில் வந்திராது. நாம் வினோபா அல்லோம்; நம் நடையால் நிலம் கைமாறப் போவதில்லை. ஆயினும் நடக்கிறவன் வழியில்தான் கேட்பாரற்றுக் கிடப்பவை எதிர்ப்படும் என்பது நமக்கும் பொருந்தும்.

நடக்க விரும்பும் அன்பர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். அந்த எண் ஆய்விலிருந்து பிறந்தது அன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவு கருவி ஒன்றுக்கு இட்ட பெயரிலிருந்து பரவியது. முதிய பெண்களிடையே நடந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே நன்மை தெரிந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்நன்மை அவ்வளவாகக் கூடவில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். மிதம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் காலுக்குப் பொருந்திய காலணி அணிய வேண்டும்; வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும்; சட்டைப் பையில் சிறிது இனிப்பு வைத்திருக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நல்லது.

என் நிலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஓராண்டு நடைக்குப் பின் மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார்; நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. என் மனைவியின் முழங்கால் வலியும் முற்றும் தீரவில்லை. ஆனால் தொடைத் தசை வலுப்பட்டதால் படியேற இப்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. அவளுடைய மற்றொரு நோயோ ஏறக்குறையத் தீர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு அவளைத் தேடித் தெலுங்கில் அழைக்கும் குரல்கள் கீழே கேட்கின்றன. இப்போது வீட்டில் பேச ஆளின்றி இருப்பவன் நான்தான்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பலர் தம் பெற்றோரையும் அழைத்து வந்து, அன்போடு, உயர்ந்த மாடியில், குறைவின்றி வைத்திருக்கிறோம். அவர்களுக்கு மருந்து வாங்கித் தருகிறோம். தொலைக்காட்சி வாங்கித் தருகிறோம். இவற்றோடு வாரத்தில் ஒரு நாளேனும் அவர்கள் கையைப் பற்றித் தெருவுக்கு அழைத்துச் செல்வோம். அவர்களுக்கு முன்னே விரைந்து செல்லாமல், பக்கத்தில், அவர்கள் அடிக்கு நம் அடியை அளந்து வைத்து நடப்போம். அவர்கள் கால் ஆறும். கூடவே மனமும் ஆறும். பல ஆண்டுகளாகப் பின்னாலிருந்து வந்து, நம் காதில் விழாமற்போன சொற்களும் அப்போது கேட்கக்கூடும்.